"கட்ட வேண்டாம்" என்பது மஸ்ட் நாட்டா, டோன்ட் ஹேவ் டுவா?

#1 பனையோலை

அடுக்குமாடிக் குடியிருப்பு அறிவிப்புப் பலகைக்கு ஆறு வரி. தமிழ் தயார், ஆங்கிலம் போடணும்.

1. இந்த மாதம் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டாம். (போன மாத உபரியில் கழித்துக்கொள்கிறார்கள்.)
2. மொட்டை மாடியில் பட்டாசு வெடிக்க வேண்டாம்.
3. விருந்தினர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.
4. லிஃப்டில் சைக்கிள் ஏற்றக் கூடாது.
5. வெளியூர் போகிறவர்கள் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம்.
6. போன வாரம் தண்ணீர் லாரிக்குத் தனியாகப் பணம் கொடுத்திருக்க வேண்டாம். (கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தரப்படும்.)

"வேண்டும்" என்றால் மஸ்ட். அப்போ "வேண்டாம்" என்றால் மஸ்ட் நாட். இந்தக் கணக்கில் 1, 2, 5, 6 நாலுக்கும் மஸ்ட் நாட் போட்டேன். முதல் வரி தப்பு என்கிறார்கள். ஏன்?

#2 இடைக்கோடு

கணக்கு அந்த இடத்தில்தான் இடறுகிறது. "யூ மஸ்ட் நாட் பே" என்று பலகையில் போட்டால், பணம் கட்டுவதே குற்றம் என்று ஆகிவிடும். நீங்கள் சொல்ல வந்தது அதுவல்ல. கட்டாமல் விட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது. அதற்கு "யூ டோன்ட் ஹேவ் டு பே" அல்லது "யூ நீட் நாட் பே".

தமிழில் இரண்டு சோடி இருக்கிறது, பாருங்கள்.

கட்டலாம் × கட்டக் கூடாது
கட்ட வேண்டும் × கட்ட வேண்டியதில்லை

அனுமதியை மறுத்தால் தடை. கட்டாயத்தை மறுத்தால் விலக்கு. அதாவது "கூடாது" என்பது "வேண்டும்" என்பதன் எதிர்ப்பதம் இல்லை, "லாம்" என்பதன் எதிர்ப்பதம். ஆங்கிலத்தில் மஸ்ட் நாட் பார்வைக்கு மஸ்ட்டை மறுத்தது போல இருக்கும். பார்க்கிற வேலையோ "மே"யை மறுப்பது. வேண்டும் வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு லாம் வீட்டில் வேலை பார்க்கிற ஆள்.

நம் பக்கத்திலும் ஒரு ஆள் அப்படி உண்டு. அதுதான் "வேண்டாம்". உங்கள் இரண்டாம் வரியில் அது தடை. முதல் வரியில் விலக்கு. எழுத்து ஒன்று, வேலை இரண்டு. அதனால் வேண்டாமிலிருந்து நேரே ஆங்கிலத்துக்குத் தாவாதீர்கள். நடுவில் ஒரு படி வையுங்கள்: வேண்டாமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் "கூடாது" போட்டுப் படியுங்கள், பிறகு "தேவையில்லை" போட்டுப் படியுங்கள். "மாடியில் பட்டாசு வெடிக்கத் தேவையில்லை" என்றால் சிரிப்பு வருகிறது, இல்லையா? அப்போ அங்கே கூடாது, ஆங்கிலத்தில் மஸ்ட் நாட். "இந்த மாதம் கட்டணம் கட்டக் கூடாது" என்றால் பொருளே மாறுகிறது. அப்போ தேவையில்லை, ஆங்கிலத்தில் டோன்ட் ஹேவ் டு.

கையோடு உருப்பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். மஸ்ட்டுக்குப் பின்னால் "டு" வராது: "மஸ்ட் நாட் டு பே" தப்பு. மஸ்ட்டுக்கு "டூ" துணையும் வராது: "டோன்ட் மஸ்ட் பே" தப்பு. ஹேவ் டுவுக்கு இரண்டுமே வேண்டும். ஒருமைப் படர்க்கையில் "டஸன்ட் ஹேவ் டு". "டஸன்ட் ஹேஸ் டு" என்று இரண்டு இடத்தில் ஸ் போடக் கூடாது. நீட் நாட் மஸ்ட் மாதிரியே நடக்கும், அதனால் "நீட் நாட் டு பே" தப்பு. ஆனால் "டோன்ட் நீட் டு பே" சரி, அங்கே நீட் சாதாரண வினையாகிவிடுகிறது.

#3 நிரல்பூனை

இதை அடைப்புக்குறி போட்டுப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் விளங்கும்.

மஸ்ட் நாட்: கட்டாயம் ( இல்லை ( செய் ) )
டோன்ட் ஹேவ் டு: இல்லை ( கட்டாயம் ( செய் ) )

"இல்லை" உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா. மொத்தச் சண்டையும் அதுதான். தமிழ் இதை உருவத்திலேயே காட்டக்கூடிய மொழி. "செய்யாமல் இருக்க வேண்டும்" என்றால் இல்லை உள்ளே. "செய்ய வேண்டியதில்லை" என்றால் இல்லை வெளியே. கூடாது, தேவையில்லை சோதனையில் குழப்பம் வந்தால் இந்த நீட்டுவடிவத்தைப் போட்டுப் பாருங்கள். இன்னும் சந்தேகமா? "செய்யாமலும் இருக்கலாம், விருப்பப்பட்டால் செய்யலாம்" என்று வால் சேர்த்துப் படியுங்கள். வால் ஒட்டினால் அது விலக்கு. தடைக்கு இந்த வால் ஒருபோதும் ஒட்டாது.

இணைய நெறிமுறைகளை எழுதுகிறவர்கள் இந்தக் குழப்பத்துக்குப் பயந்தே 1997இல் ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணத்தைப் போட்டார்கள். மஸ்ட், மஸ்ட் நாட், ஷுட், ஷுட் நாட், மே ஆகியவற்றுக்கு அதில் திட்டமான பொருள் உண்டு. மஸ்ட் நாட் என்றால் முழுத் தடை. ஷுட் நாட் என்றால் பொதுவாகச் செய்யாதே, தகுந்த காரணம் இருந்து விளைவைத் தெரிந்துகொண்டு செய்தால் சரி. விலக்குக்கு அங்கே "டோன்ட் ஹேவ் டு" கிடையாது. "மே", "ஆப்ஷனல்" என்று நேர்மறையாகவே சொல்லிவிடுகிறார்கள். "மே நாட்" அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. 2017இல் ஆர்எஃப்சி 8174 வந்து, இந்தச் சொற்களைப் பெரிய எழுத்தில் போட்டால்தான் இந்தப் பொருள் என்று இறுக்கியது. நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வசதி இல்லை, அது வேறு துக்கம்.

#4 பனையோலை

1, 2 தெளிவு. 5ஆம் வரியில் இரண்டு சோதனையும் பாஸ் ஆகிறதே? "சாவியைக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது", "கொடுத்துவிட்டுப் போகத் தேவையில்லை" இரண்டுமே பொருந்துகிறது.

#5 இடைக்கோடு

ஆமாம், அந்த வரி தமிழிலேயே இரட்டை. மொழிபெயர்ப்பாளர் தீர்க்கிற விஷயம் இல்லை, எழுதினவரைக் கேட்டாக வேண்டும். கேட்பதற்கு ஒரே கேள்வி போதும்: "ஒருவர் சாவியைக் கொடுத்தால் காவலாளி வாங்கிக்கொள்ளலாமா?" வாங்கலாம் என்றால் "யூ டோன்ட் ஹேவ் டு லீவ் யுவர் கீ". வாங்கக் கூடாது என்றால் "யூ மஸ்ட் நாட் லீவ் யுவர் கீ". ஏதாவது திருட்டு நடந்தால் இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் பஞ்சாயத்து நடக்கும், ஊகித்துப் போட்டுவிடாதீர்கள்.

காரணத்தைச் சேர்த்து எழுதச் சொன்னாலும் இரட்டை உடையும். "...வேண்டாம், மாற்றுச் சாவி அலுவலகத்தில் இருக்கிறது" என்றால் விலக்கு. "...வேண்டாம், தொலைந்தால் சங்கம் பொறுப்பல்ல" என்றால் தடை.

#6 ரைன்_கரை

ஜெர்மனியில் இருக்கிற நம் பிள்ளைகள் ஆங்கில வகுப்பில் இதே இடத்தில் விழுவார்கள், ஆனால் வேறு காரணத்தால். ஜெர்மனில் "முஸ்ட் நிஷ்ட்" என்றால் தேவையில்லை. "டு முஸ்ட் நிஷ்ட் பெட்ஸாலன்" என்பது "நீ பணம் கட்டத் தேவையில்லை". தடைக்கு அங்கே "டார்ஃப்ஸ்ட் நிஷ்ட்". அனுமதியைக் குறிக்கும் வினையை மறுப்பது. இடைக்கோடு போட்ட இரண்டு சோடி ஜெர்மனில் அப்படியே இருக்கிறது: அனுமதி வினையை மறுத்தால் தடை, கட்டாய வினையை மறுத்தால் விலக்கு. அந்த வகையில் ஜெர்மனும் தமிழும் ஒழுங்கு, ஆங்கிலம்தான் கோணல்.

ஆங்கில மஸ்ட்டும் ஜெர்மன் முஸ்ஸும் ஒரே வேர்ச் சொற்கள். முகம் ஒன்றாக இருப்பதால் "மஸ்ட் நாட்"டைக் கண்டதும் "முஸ்ட் நிஷ்ட்" என்று மூளை படித்துவிடும். வீட்டில் தமிழ், பள்ளியில் ஜெர்மன், மூன்றாவதாக ஆங்கிலம் என்று வருகிற பிள்ளைக்கு ஜெர்மன் வழியாக விளக்கினால் கெடும். தமிழின் "கூடாது = மஸ்ட் நாட்" என்று நேரே ஒட்டிக் கொடுங்கள், பிழைத்துக்கொள்ளும்.

#7 வடமராட்சி_வாசி

எங்கட பக்கம் இன்னொரு சொல் இருக்கு: "ஏலாது". "உள்ளுக்குப் போகேலாது" எண்டால் கதவு பூட்டியிருக்கு, அதால போக முடியாது எண்டும் வரும்; போக விடமாட்டினம் எண்டும் வரும். ஆங்கில "கான்ட்" அதே மாதிரித்தான். "யூ கான்ட் பார்க் ஹியர்" எண்டால் இடமில்லை எண்டோ தடை எண்டோ சூழலைப் பார்த்துத்தான் எடுக்கோணும்.

ஒரு விசயம் ஒருத்தரும் சொல்லேல்லை. வாய்ப்பேச்சில ஆங்கிலக்காரர் மஸ்ட் நாட் பாவிக்கிறது குறைவு, அதுவும் அமெரிக்கர் மிகக் குறைவு. தெருவில ஒருத்தரிட்டச் சொல்லேக்கை "யூ கான்ட் பார்க் ஹியர்", "யூ ஆர் நாட் அலவ்ட் டு பார்க் ஹியர்", கொஞ்சம் மென்மையாச் சொல்லோணும் எண்டால் "யூ ஆர் நாட் சப்போஸ்ட் டு பார்க் ஹியர்". பக்கத்து வீட்டுக்காரரிட்ட முகத்துக்கு நேர "யூ மஸ்ட் நாட்" எண்டால் பொலிஸ்காரன் கதைக்கிற மாதிரி இருக்கும். அறிவிப்புப் பலகைக்கு அது பொருத்தம்தான், இல்லாட்டி வெறும் "டு நாட்" எண்டு ஏவலாப் போடலாம்.

சொல்லிப் பார்க்கிறவைக்கு: மஸ்ட் நாட்டின்ர சுருக்க வடிவத்தில முதல் "ட்" ஒலிக்காது, "மஸ்ன்ட்" எண்டுதான் வரும். "ஹேவ் டு" வேகமாக் கதைக்கேக்கை "ஹாஃப் டு" எண்டு கேக்கும்.

#8 சட்டமுடிச்சு

வாடகை ஒப்பந்தம், டெண்டர் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய கண்ணி உண்டு. "மே நாட்".

"தி லேண்ட்லார்ட் மே நாட் ரின்யூ தி லீஸ்." இதற்கு மூன்று பொருள் எடுக்கலாம். வீட்டுக்காரர் புதுப்பிக்கக் கூடாது. வீட்டுக்காரர் புதுப்பிக்காமல் இருக்கலாம், அது அவர் உரிமை. வீட்டுக்காரர் புதுப்பிக்காமல் போகக்கூடும், யார் கண்டது. முதலாவது தடை, இரண்டாவது விலக்கு, மூன்றாவது ஊகம். ஒரே வரி மூன்று வழக்கறிஞர்களுக்குச் சோறு போடும்.

சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ, தன் ஆவணங்களை எழுதும் விதிகளின் இரண்டாம் பகுதியில் இதை நேரடியாகவே சொல்கிறது: தடைக்கு "ஷேல் நாட்" போடு, "மே நாட்" போடாதே. ஷேல் அங்கே கட்டாயம், ஷுட் பரிந்துரை, மே அனுமதி, கேன் இயலுமை. மஸ்ட்டை ஷேலுக்கு மாற்றாகப் போடவே விடமாட்டார்கள். நாட்டின் சட்டம் விதிக்கும் கட்டாயத்தோடு அது குழம்பிவிடும் என்பது காரணம்.

இன்னொன்று: நம் ஊரில் "கூடாது" கண்டதும் "ஷுட் நாட்" போடுகிற பழக்கம். அரசுக் கடிதம் தொடங்கிக் கல்லூரிச் சுற்றறிக்கை வரை "கேண்டிடேட்ஸ் ஷுட் நாட் பிரிங் மொபைல்ஸ்" என்றுதான் இருக்கும். ஷுட் நாட் அறிவுரை. மீறினவர் "நீங்கள் பரிந்துரைத்தீர்கள், நான் ஏற்கவில்லை" என்று வாதாட அதில் இடம் இருக்கிறது. தண்டனை வைத்திருக்கிற விதி என்றால் மஸ்ட் நாட் அல்லது ஷேல் நாட். பனையோலையின் நாலாம் வரி, லிஃப்டில் சைக்கிள், அபராதம் உண்டு என்றால் மஸ்ட் நாட்.

#9 நிரல்பூனை

ஷேல் பற்றிக் கொஞ்சம் மாறுபடுகிறேன். தர ஆவணத்துக்குச் சரி. குடியிருப்பாளர் படிக்கும் பலகைக்கு ஷேல் வேண்டாம் (இந்த வேண்டாம் தடை!). அமெரிக்க அரசின் எளிய மொழி வழிகாட்டி ஷேலை விட்டுவிட்டு, கட்டாயத்துக்கு மஸ்ட், தடைக்கு மஸ்ட் நாட், விருப்பத்துக்கு மே, பரிந்துரைக்கு ஷுட் என்று எழுதச் சொல்கிறது. ஷேல் சில வாக்கியத்தில் கட்டாயம், சில வாக்கியத்தில் வெறும் எதிர்காலம் என்று ஆடிக்கொண்டே இருக்கும்.

#10 சட்டமுடிச்சு

பலகைக்கு மஸ்ட் நாட், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஷேலைக் கழித்துக் கட்டிவிட்டுப் பழைய சட்டங்களைப் படிக்க முடியாது. இந்திய அரசமைப்பின் 14ஆம் பிரிவு, சட்டத்தின் முன் சமத்துவத்தை அரசு யாருக்கும் மறுக்கக் கூடாது என்பதை "ஷேல் நாட் டினை" என்றுதான் சொல்கிறது. அது அரசுக்கு விழுந்த தடை.

20ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு இன்னும் சுவையானது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. ஆங்கில வரி "நோ பர்சன்" என்று தொடங்கி "ஷேல் பி கம்பெல்ட்" என்று போகிறது. காவல்துறையின் பக்கம் நின்று படித்தால் இது மஸ்ட் நாட்: கட்டாயப்படுத்தக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் நின்று படித்தால் டோன்ட் ஹேவ் டு: சாட்சி சொல்லத் தேவையில்லை, அவரே விரும்பினால் சொல்லலாம். ஒருவருக்கு விழும் தடைதான் இன்னொருவருக்குக் கிடைக்கும் விலக்கு. மொழிபெயர்க்கும்போது "சாட்சி சொல்லக் கூடாது" என்று போட்டுவிட்டால் அவர் வாயையே கட்டிவிட்டோம் என்று பொருள்.

#11 சீர்வரிசை

ஆறாம் வரியை யாரும் தொடவில்லையே. அதுதான் வகுப்பறையில் அதிகம் உடைகிற இடம்.

மஸ்ட்டுக்கு இறந்தகாலம் கிடையாது. "மஸ்ட் நாட் ஹேவ் பெய்ட்" என்று போட்டால் அது இறந்தகாலத் தடை ஆகாது, ஊகமாகிவிடும்: "அவர் கட்டியிருக்க மாட்டார் போலிருக்கிறது". அதையும் அமெரிக்கர்தான் அப்படிச் சொல்வார்கள், பிரிட்டிஷார் பெரும்பாலும் "கான்ட் ஹேவ் பெய்ட்" என்பார்கள். தமிழின் நாலு வடிவத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கிறேன்.

"நீ அங்கே போயிருக்கக் கூடாது." போனாய், தப்பு. ஆங்கிலம்: யூ ஷுட் நாட் ஹேவ் கான். நம்மவர் வாயில் "மஸ்ட் நாட் ஹேவ் கான்" என்று வருவது இந்த இடத்தில்தான்.

"நீ போயிருக்கத் தேவையில்லை." போனாய், வீண் அலைச்சல். ஆங்கிலம்: யூ நீட் நாட் ஹேவ் கான்.

"நீ போக வேண்டியிருக்கவில்லை." கட்டாயம் இல்லை என்பது மட்டும் தெரியும், போனாயா என்பது இந்த வரியில் இல்லை. ஆங்கிலம்: யூ டிட் நாட் ஹேவ் டு கோ.

"உனக்குப் போக அனுமதி இருக்கவில்லை." இதுதான் உண்மையான இறந்தகாலத் தடை. ஆங்கிலம்: யூ வேர் நாட் அலவ்ட் டு கோ.

ஆறாம் வரியில் சிலர் பணம் கொடுத்துவிட்டார்கள், தேவையில்லாமல். அதனால் இரண்டாவது வடிவம்: "யூ நீட் நாட் ஹேவ் பெய்ட்". "டிட் நாட் ஹேவ் டு பே" போட்டால் இலக்கணம் சரி, ஆனால் கொடுத்துவிட்டார்கள் என்ற செய்தி போய்விடும். திருப்பித் தருவோம் என்ற அடுத்த வரி அந்தரத்தில் தொங்கும்.

ஒரு விதிவிலக்கு: பிறர் கூற்றில் மஸ்ட் நாட் அப்படியே நிற்கும். "போகக் கூடாது என்று சொன்னார்" என்பதை "ஷி செட் ஐ மஸ்ட் நாட் கோ" என்று எழுதலாம்.

கேள்வி பதிலிலும் கவனம். "மஸ்ட் ஐ பே?" என்று கேட்டால் இல்லை என்பதற்கு "நோ, யூ டோன்ட் ஹேவ் டு". கேள்வியில் மஸ்ட் இருக்கிறதே என்று "நோ, யூ மஸ்ட் நாட்" என்று சொன்னால் கேட்டவர் கையிலிருந்த பணத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடுவார்.

#12 கரிசல்மை

நீட் நாட் எல்லாம் பழைய பாடப்புத்தக ஆங்கிலம். இப்போது யார் பேசுகிறார்கள்? டோன்ட் ஹேவ் டு ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாதா?

#13 சீர்வரிசை

பேச்சுக்குப் போதும். அமெரிக்கப் பேச்சில் நீட் நாட் அரிது என்பதும் சரி. எழுத்தில் அப்படி ஒதுக்க முடியாது. இந்திய அலுவலக ஆங்கிலத்தில் அது அன்றாடம், பிரிட்டிஷ் எழுத்திலும் உண்டு. "நீட் நாட் ஹேவ் பெய்ட்" ஒரே மூச்சில் சொல்வதை டோன்ட் ஹேவ் டுவை வைத்துச் சொல்ல இரண்டு வாக்கியம் ஆகும்.

அதே நேரம் ஹேவ் டுவால் முடிந்து நீட் நாட்டால் முடியாததும் உண்டு. எதிர்காலம்: "வில் நாட் ஹேவ் டு பே". "கட்ட வேண்டிய அவசியமின்றி" என்பதற்கு "வித்தவுட் ஹேவிங் டு பே". வெறும் துணைவினைகள் இந்த இடங்களுக்குள் நுழையவே முடியாது.

#14 இடைக்கோடு

மஸ்ட் நாட் எவ்வளவு கனமான சொல் என்று பார்க்க பிரிட்டனின் சாலை விதி நூலான ஹைவே கோட் நல்ல இடம். அங்கே மஸ்ட், மஸ்ட் நாட் இரண்டும் பெரிய எழுத்தில் வந்தால் அந்த விதியின் பின்னால் சட்டம் நிற்கிறது, மீறினால் குற்றம். ஷுட் என்று வந்தால் அறிவுரை. அதை மீறுவது மட்டும் குற்றமாகாது, ஆனால் விபத்து வழக்கில் உங்களுக்கு எதிராக எடுத்துக்காட்டலாம்.

ஹாரன் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். குடியிருப்புப் பகுதியில் வண்டி ஓட்டும்போது இரவு 11.30 முதல் காலை 7 வரை ஹாரன் அடிப்பது மஸ்ட் நாட். சாலையில் நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்தும் மஸ்ட் நாட். சாலையைப் பயன்படுத்தும் வேறொருவரால் ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. இதைத் தமிழில் "ஹாரன் அடிக்க வேண்டாம்" என்று போட்டால், லண்டனில் ஓட்டுநர் தேர்வுக்குப் படிக்கிற தமிழர் அதை மரியாதை விதி என்று எடுத்துக்கொள்வார். "அடிக்கக் கூடாது" என்று போட்டால்தான் சட்டத்தின் கனம் வரும். ஹைவே கோட் தமிழாக்கத்துக்கு ஒரே விதி வைக்கலாம்: மஸ்ட் நாட் எங்கே வந்தாலும் "கூடாது", அறிவுரைக்கு மட்டும் "வேண்டாம்" அல்லது "நல்லது".

#15 வடமராட்சி_வாசி

மருந்துத் துண்டிலயும் இதைப் பாருங்கோ. 500 மில்லிகிராம் பரசிட்டமோல், பெரியவைக்கு 24 மணித்தியாலத்தில 8 குளிசைக்கு மேல போகக் கூடாது. "8க்கு மேல் எடுக்க வேண்டாம்" எண்டு எழுதினால், நோ (வலி) கூடினால் ஒண்டு கூட எடுக்கலாம் போல எண்டு வாசிக்கிறவை இருக்கினம். அங்க கூடாதுதான் போடோணும், ஈரல் சம்பந்தப்பட்ட விசயம். அதே துண்டில "நோ இல்லையெண்டால் எடுக்கத் தேவையில்லை" எண்டு ஒரு வரி வந்தால், அது விலக்கு. ரெண்டுக்கும் "வேண்டாம்" போட்டிட்டு விளங்கும்தானே எண்டு விடேலாது.

#16 கரிசல்மை

சரி, நீட் நாட்டை ஏற்றுக்கொண்டேன். ஒரு குதர்க்கம்: "யூ டோன்ட் ஹேவ் டு ஷவுட்" என்று ஒருவர் சொன்னால் "நீ கத்தினாலும் பரவாயில்லை, கத்தாவிட்டாலும் பரவாயில்லை" என்றா பொருள்? கத்தாதே என்றுதானே?

#17 நிரல்பூனை

குதர்க்கம் இல்லை, நல்ல கேள்வி. சொல்லின் பொருள் விலக்குதான். கேட்பவர் எடுத்துக்கொள்வது தடை. தமிழிலும் அச்சு அசல் இதே நடக்கிறது. "இப்படிக் கத்த வேண்டியதில்லை" என்று யாராவது சொன்னால், கத்துவது உன் விருப்பம் என்றா எடுத்துக்கொள்வோம்? யாரும் கட்டாயம் என்று நினைக்காத காரியத்தைப் போய்க் கட்டாயமில்லை என்று சொன்னால், அது நாசூக்கான திட்டு. பணம் கட்டுவது கட்டாயமாக இருக்கக்கூடிய காரியம், அதனால் அங்கே நேர்ப்பொருள். கத்துவது அப்படியல்ல. பலகையில் மட்டும் இந்த நாசூக்கு வேலைக்கு ஆகாது.

ஆவணத்தில் மஸ்ட் நாட்டைத் தேடித் திருத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும்: "மஸ்ட் நாட் ஒன்லி சைன் பட் ஆல்ஸோ..." என்ற வரியும் வலையில் விழும். அங்கே நாட் ஒன்லியோடு சேர்ந்தது, மஸ்ட்டோடு இல்லை. அது தடையே அல்ல, இரட்டைக் கட்டாயம்.

#18 பனையோலை

5ஆம் வரி கேட்டாயிற்று: காவலாளி சாவி வாங்கவே கூடாது. திருத்திய ஆறும் இதோ.

1. யூ டோன்ட் ஹேவ் டு பே மெயின்டனன்ஸ் திஸ் மன்த்.
2. யூ மஸ்ட் நாட் பர்ஸ்ட் கிராக்கர்ஸ் ஆன் தி டெரஸ்.
3. விசிட்டர்ஸ் நீட் நாட் டு சைன் தி ரெஜிஸ்டர்.
4. யூ மஸ்ட் நாட் டேக் பைசிக்கிள்ஸ் இன் தி லிஃப்ட்.
5. யூ மஸ்ட் நாட் லீவ் யுவர் கீ வித் தி செக்யூரிட்டி கார்ட்.
6. யூ நீட் நாட் ஹேவ் பெய்ட் ஃபார் தி வாட்டர் டேங்கர் லாஸ்ட் வீக்.

#19 இடைக்கோடு

மூன்றில் "டு" தலைநீட்டிவிட்டது. "விசிட்டர்ஸ் நீட் நாட் சைன்" அல்லது "விசிட்டர்ஸ் டோன்ட் நீட் டு சைன்", இரண்டில் ஒன்று. மற்ற ஐந்தும் சரி. ஐந்தாம் வரியின் தமிழையும் "போகக் கூடாது" என்று மாற்றச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடை என்று சொல்லி, தமிழ் வேண்டாம் என்று இழுத்துக்கொண்டு, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே பலகையில் தொங்கினால் சண்டை போட வருகிறவர் தனக்கு வசதியானதைத்தான் படிப்பார்.

#20 பனையோலை

மூன்றைத் திருத்தியாயிற்று. தமிழ் ஐந்தாம் வரிக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன். முதல் வரியின் தமிழையும் "கட்டத் தேவையில்லை" என்று மாற்றிவிடவா?

#21 வடமராட்சி_வாசி

மாத்துங்கோ. ஆனா "இந்த மாதம் மட்டும்" எண்டு முன்னுக்குப் போடுங்கோ, இல்லாட்டி அடுத்த மாசமும் பலகையைக் காட்டிக்கொண்டு நிப்பினம்.